மகம்

மகம் என்பது இருபத்தேழு நாள்மீன்களுள் பத்தாவதாக எண்ணப்படுவதும், சிம்ம இராசியின் தொடக்கத்தில் கவ்வாத்துக் கத்திபோல் வளைந்து தோன்றுவதுமான விண்மீன் கூட்டமாகும். கொடை, செல்வம் என்னும் பொருளுடைய ‘மக’ என்ற வடசொல்லடியாகப் பிறந்த ‘மகா’ என்னும் நாள்மீன் பெயரே தமிழில் மகம் என வழங்குகிறது. வளைந்த நுகத்தடி எனப் பொருள்படும் ‘கொடுநுகம்’ என்னும் பழந்தமிழ்ப் பெயரோ அதன் வடிவத்தைக் குறிப்பதாகும்.

முழுநிலா எந்த நாள்மீனை அண்டி நிற்கிறதோ அதன் பெயரால் திங்களைச் சுட்டும் மரபின்படி, மகத்தோடு தொடர்புடைய ‘மாக’ என்னும் திங்கட்பெயர் தமிழில் மாசி ஆயிற்று. கதிரவன் கும்பத்தில் இருக்கும் அம்மாதத்தில் எதிர்ப்புறமுள்ள சிம்மம் அந்தியில் கிழக்கே எழுவதால், இளவேனிலுக்கு முந்திய வானில் மகம் இரவு முழுவதும் காணத்தக்கதாகிறது.

ஏறத்தாழ 7 பாகை வட அகலக்கோட்டில் அமைந்த இலங்கையின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில், மழை குறைந்து இறப்பர் மரங்கள் இலையுதிர்க்கும் பெப்ரவரியில், மகத்தின் முதன்மை விண்மீன் நள்ளிரவை அண்டி உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கும். மலையகத் தமிழர் ஆடும் காமன் கூத்தும் மாசி வளர்பிறையிலேயே தொடங்குவதால், திங்கட்பெயரில் உறையும் இந்நாள்மீன் கூத்து நிகழும் இரவுகளில் வானிலும் விளங்குகிறது.