கடைவரம்பும் கணினியும்

பேச்சிப்பாறை அணை 1906-இல் கட்டி முடிக்கப்பட்டது. திருவிதாங்கூரை மூலம் திருநாள் ஆண்ட காலம் அது. கோதையாற்றை மறித்த பொறியாளர் மிஞ்சினின் கல்லறை அணைக்கு அருகிலேயே இருக்கிறது. அணையைக் காண வருபவர்கள் அதன் உயரத்தை வியப்பார்கள். நாஞ்சில்நாட்டு விவசாயியின் கேள்வி வேறு: கடைவரம்புக்குத் தண்ணீர் என்றைக்கு வந்து சேரும்? கிளைக் கால்வாய்களை எத்தனை வெட்டினாலும், தலைக்கால்வாய் கொண்டுவரும் அளவுக்கு மேல் ஒரு சொட்டும் கூடாது. கடைசி வயல் நனையும்வரை பாசனமும் முடிந்ததாகாது.

இணைக்கணிமையின் அடிப்படைப் பாடங்களும் இவ்விரண்டே. ஒரு பெருங்கணக்கைப் பல செயலிகளுக்குப் பங்கிட்டு ஒரே நேரத்தில் செய்விக்கும் துறை அது. எல்லோருக்கும் பிந்தி முடிக்கும் செயலிக்காக விடை காத்திருக்க வேண்டும். கணக்கில் பத்தில் ஒரு பங்கு பிரிக்க இயலாததாக இருந்தால், ஆயிரம் செயலிகளைப் பூட்டினாலும் வேகம் பத்து மடங்கைத் தாண்டாது. ஜீன் ஆம்டால் 1967-இல் முன்வைத்த வாதம் இது.

இப்பாடத்தை இந்தியா தீவிரமாகக் கற்க நேர்ந்ததற்கும் மழைக்கும் தொடர்புண்டு. பருவமழையை முன்னறிவதற்காக 1980-களில் இந்திய அரசு அமெரிக்காவிடம் க்ரே மீக்கணினி கேட்டது. அணு ஆயுத ஆய்வுக்குப் பயன்பட்டுவிடும் என்ற ஐயத்தால், கேட்ட வகை மறுக்கப்பட்டது. கிடைத்தது ஒற்றைச் செயலி கொண்ட எக்ஸ்.எம்.பி-14, அதற்கும் கடுமையான நிபந்தனைகள். அதற்குள் பெங்களூரின் தேசிய வானூர்தி ஆய்வகம் 1986-இல் ‘ஃப்ளோசால்வர்’ என்ற இணைக்கணினியை உருவாக்கத் தொடங்கியிருந்தது. 1988-இல் புனேயில் சி-டாக் நிறுவனம் பிறந்தது. விஜய் பட்கர் தலைமையில் 1991-இல் ‘பரம் 8000’ வெளிவந்தது.

பரமின் கதை பலமுறை சொல்லப்பட்டுவிட்டது. அதிகம் சொல்லப்படாதது வகுப்பறையின் கதை. சி-டாக்கைத் தொடங்கப் பரிந்துரைத்த குழுவின் தலைவர் வி. ராஜாராமன், 1933-இல் ஈரோட்டில் பிறந்தவர். கான்பூர் ஐ.ஐ.டி.யில் 1960-களில் கணினியியல் கல்வி உருவானபோது உடனிருந்தவர். 1982 முதல் 1994 வரை பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் மீக்கணினிக் கல்வி ஆய்வு மையத்தை வழிநடத்தினார். 1990-இல் இணைக்கணிமைக்கு ஓர் அறிமுக நூலை எழுதினார், பின்னர் சி. சிவராமமூர்த்தியுடன் சேர்ந்து விரிவான பாடநூல் ஒன்றையும் எழுதினார். மீக்கணினியைக் கண்ணால் கண்டிராத கல்லூரிகளுக்கும் இத்துறை இத்தகைய நூல்கள் வழியாகவே சென்றது.

இந்த வேறுபாடு முக்கியமானது எனக் கருதுகிறேன். பரம் 8000-இன் உயிராக இருந்த டிரான்ஸ்பியூட்டர் சில்லுகள் இன்று அருங்காட்சியகப் பொருள்கள். அதைச் செய்த பிரிட்டிஷ் நிறுவனமான இன்மாஸும் இல்லை. 2015-இல் அதே அறிவியல் கழகத்தில் ‘சகஸ்ரடி’ நிறுவப்பட்டது. அது எந்தத் தடையுமின்றி வந்த ஒரு க்ரே. 2022-இல் அங்கேயே சி-டாக் அமைத்த ‘பரம் பிரவேகா’ இயங்கத் தொடங்கியது. ஒரு காலத்தில் மறுக்கப்பட்டதும், மறுப்பினால் பிறந்ததும் ஒரே வளாகத்தில் வந்து சேர்ந்தன.

பொறியை மறுக்கலாம், விற்கலாம், கழித்தும் கட்டலாம். ஒரு வேலையை எங்கே பிரிப்பது, எங்கே பிரிக்கக்கூடாது என்று முப்பது மாணவர்களுக்குப் புரியவைத்துவிட்டால், அதைத் திரும்பப் பெற எந்த வல்லரசாலும் முடியாது.