யாழ்ப்பாணத்துக் கட்டட ஒப்பந்தகாரரும் பதிவுமுறையும்: ஒரு வரலாற்று நோக்கு

கட்டடம் ஒன்று உறுதியாக அமையும் என்பதற்கு உத்தரவாதம் அளிப்பவர் யார்? இவ்வினாவிற்குக் காலந்தோறும் வெவ்வேறு விடைகள் கூறப்பட்டுள்ளன. யாழ்ப்பாணக் குடாநாட்டில் அவ்விடைகள் மாறிய வரலாற்றையும், அம்மாற்றத்தினால் இங்குள்ள கட்டடத் தொழிலாளர்க்கு நேர்ந்த இடரையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முற்காலத்தில் அந்த உத்தரவாதத்தை ஊரே அளித்தது. சுண்ணாம்புச் சாந்தும் பனஞ்சிலாகையும் கொண்டு கல்வீடு எழுப்பிய மேசனையும் ஓடாவியாரையும் ஊரார் நன்கறிந்திருந்தனர். அவர்கள் முன்னர்க் கட்டிய வீடுகளே அவர்தம் சான்றிதழ்களாயின. ஆயினும், இம்முறையில் தொழில் பிறப்பினால் வரையறுக்கப்பட்டிருந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது.

பிரித்தானியர் ஆட்சியில் அரசு முதலிற் கட்டடத்தையே கண்காணித்தது. 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம், அது நடைமுறையிலிருந்த இடங்களில், உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதியின்றிக் கட்டடம் எழுப்புவதைத் தடுத்தது. 1918இன் வியாபாரப் பெயர்கள் கட்டளைச் சட்டமும் 1938இன் கம்பனிகள் கட்டளைச் சட்டமும் நிறுவனங்களுக்குச் சட்டவுருவம் அளித்தன. எனினும், கட்டுபவரின் தொழிற்றிறனை அளவிடுதல் இவற்றின் நோக்கமன்று.

அவ்வளவீடு பின்னரே வந்தது. நிர்மாணப் பயிற்சி அபிவிருத்தி நிறுவகம் ஒப்பந்தகாரரைத் தரப்படுத்திப் பதிவு செய்தது. 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் அதனிடத்தில் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபையை நிறுவியது. நிதிவலு, பொறியியற் பணியாளர், இயந்திர சாதனங்கள், முன்னனுபவம் என்பன தரத்தைத் தீர்மானிக்கின்றன. ஒப்பந்தகாரர் எவ்வளவு பெறுமதியான வேலையை ஏற்கலாம் என்பதைத் தரமே வரையறுக்கின்றது.

இவற்றுள் முன்னனுபவம் என்னும் அளவுகோலே குடாநாட்டிற்குப் பெருந்தடையாயிற்று. 1950இல் உற்பத்தியைத் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1990இல் போரினால் நின்றது. சீமெந்தையும் இரும்பையும் வடக்கிற்குக் கொண்டுவரத் தடை விதிக்கப்பட்டது. 2002இல் திறந்த கண்டி வீதி 2006 ஓகஸ்ற் மாதம் மீண்டும் மூடப்பட்டது. சீமெந்தே கிடையாத காலத்தில் ஓர் ஒப்பந்தகாரர் பெருங்கட்டடம் கட்டிய சான்றினை எங்ஙனம் ஈட்டியிருத்தல் கூடும்? 2009இன் பின் புனரமைப்பு வேலைகள் தொடங்கியபோது, உயர்தரம் கோரும் கேள்விகளில் வெளியூர் நிறுவனங்களுடன் அவர் சமநிலையில் நின்றாரல்லர். வேலையின்றேல் தரமில்லை; தரமின்றேல் வேலையில்லை.

மறுபுறம், இந்திய வீடமைப்புத் திட்டத்தில் 2012இன் பிற்பகுதி முதல் பயனாளிகளே கொடுப்பனவு பெற்றுத் தத்தம் வீடுகளைக் கட்டுவிக்கும் முறை பின்பற்றப்பட்டது. வடக்கிலும் கிழக்கிலும் பல்லாயிரம் வீடுகள் அவ்வாறு எழுந்தன. பெருநிறுவனத்தின் பெயர்ப்பலகை இன்றியும் உறுதியான வீடு எழும் என்பதற்கு இது சான்றாகும்.

இதனாற் பதிவு வேண்டாம் என்பது எமது கருத்தன்று. முற்பணத்துடன் மறையும் ஒப்பந்தகாரரிடமிருந்தும் வெடிக்கும் சுவரிலிருந்தும் மக்களைக் காப்பதற்குப் பதிவு இன்றியமையாதது. ஆனால், போர் பறித்த ஆண்டுகளைத் திறமையின்மையாகக் கணக்கிடுதல் நீதியாகாது. சிறு ஒப்பந்தகாரர் கூட்டாகக் கேள்வி சமர்ப்பிக்க ஊக்கமளித்தலும், அவர் முடித்த சிறு வேலைகளை முறையாக மதிப்பிட்டுத் தரவுயர்வுக்குக் கொள்ளுதலும் வேண்டும். ஊர் அறிந்த திறமையை அரசின் ஏடும் அறியும்போதே பதிவு தன் பயனை எய்தும்.