சாயத் தொட்டியிலிருந்து நித்தியகல்யாணி வரை

பட்டில் ஏறுகிற சாயமெல்லாம் பருத்தியில் ஏறுவதில்லை என்பது காஞ்சிபுரத்துச் சாயப்பட்டறைக்காரர் எவருக்கும் தெரிந்த விஷயம். ஒரே தொட்டியில் அமிழ்த்தினாலும் ஒரு நூல் பற்றிக்கொள்ள மற்றொன்று வெளிறி நிற்கும் இந்த விசித்திரத்தையே ஜெர்மானிய விஞ்ஞானி பால் எர்லிக் தம் ஆய்வுக்கூடத்தில் வேறு விதமாகக் கண்டார். சில சாயங்கள் நோய்க்கிருமியை மாத்திரம் பற்றிச் சூழ்ந்துள்ள சதையை விட்டுவிடக் கண்ட அவர், அதுபோலவே நோயைத் தேடித் தாக்கி நோயாளியைத் தீண்டாத மருந்தும் இருத்தல் கூடும் என்று அனுமானித்தார். ‘கீமோதெரபி’ என்னும் சொல்லும் அவர் வழங்கியதே.

அச்சொல் இன்று நினைவூட்டும் புற்றுநோய் காஞ்சிபுரத்துக்கும் புதிதன்று. இவ்வூரில் பிறந்த அறிஞர் அண்ணா, 1968-இல் நியூயார்க் சென்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டும் குணம் நிலைக்காமல், 1969 பிப்ரவரி 3-ஆம் நாள் புற்றுநோயால் மறைந்தார். அவர் பெயரால் அவ்வாண்டே காஞ்சிபுரத்தில் தோன்றிய அரசாங்கப் புற்றுநோய் மருத்துவமனை, காரைப்பேட்டையில் இன்றும் நடைபெறுகிறது.

புற்றுநோய் மருந்துகளுள் ஒன்றின் பிறப்பிடம் நம் வீட்டு முற்றத்திலேயே இருக்கிறது. மடகாஸ்கரிலிருந்து வந்து நந்தவனங்களிலும் வேலியோரங்களிலும் நம்முடையதாகவே ஆகிவிட்ட நித்தியகல்யாணியை, நீரிழிவுக்கு உதவுமா என்று 1950-களில் கனடாவில் சோதித்த நோபிள், பீர் என்னும் இருவரும், எலிகளின் வெள்ளையணுக்கள் குறைவதைக் கண்டு வியந்து, அச்செடியிலிருந்து வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தனர். அதன் உடன்பிறப்பே வின்கிரிஸ்டின். உயிரணு இரண்டாகப் பிரியும்போது, அதன் மரபுப் பொருளை இருபுறமும் ஈர்த்துப் பங்கிடுவதற்கு நுண்ணிய இழைகள் உள்ளே தோன்றும்; இம்மருந்துகள் அவ்விழைகள் உருவாகாதபடி தடுத்துவிடுகின்றன. பாவு இல்லாத தறியில் புடவை இறங்குமா? பிரிய முடியாத அணு மடிகிறது.

சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகடா சுப்பாராவின் ஆய்வுக்குழு அளித்த மருந்துகளோ வேறு வழியில் செல்பவை. ஃபோலிக் அமிலத்தின் உருவத்தை ஒத்திருந்து அணுவை ஏமாற்றிப் பட்டினி போடும் அவ்வகை மருந்தைக் கொண்டே, 1948-இல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்குத் தற்காலிகமாகவேனும் நலம் வரச்செய்தார்.

எர்லிக் கண்ட கனவு முழுமையாக நிறைவேறவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். விரைந்து பிரியும் அணுக்களைத் தாக்குவதே இம்மருந்துகளின் இயல்பாதலால், இயற்கையாகவே விரைந்து பிரிகிற மயிர்க்கால்களும், வாய் குடல்களின் உட்தோலும், எலும்பு மஜ்ஜையும் உடன் துன்புறுகின்றன; முடி உதிர்வதும், வாய் புண்ணாவதும், வெள்ளையணுக்கள் குறைவதும் அதனாலேயே. வின்கிரிஸ்டின் நரம்பினுள் உள்ள அதே வகை இழைகளையும் கெடுப்பதால் விரல் நுனிகள் மரத்துப்போகின்றன. மயிரினும் மெல்லிய பட்டிழையைத் தொட்டே அறுந்த இடம் காணும் நெசவாளிக்கு இதைக்காட்டிலும் பெரிய இழப்பு உண்டோ? உதிர்ந்த முடி பெரும்பாலும் மீண்டும் வளரும்; மரத்த விரலுக்கு உணர்வு திரும்ப மாதக்கணக்காகலாம், சிலருக்கு முழுமையாகத் திரும்பாமலும் போகலாம்.

ஆகவே தறிக்குழியில் அமர்ந்து இதைப் படிக்கும் அன்பருக்கு ஒரு வேண்டுகோள். இச்சிகிச்சை பெறும்போது விரல் மரத்தால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கவும் மருந்தை மாற்றவும் அவருக்கு வழியுண்டு, நீங்களாக நடுவில் நிறுத்திவிடாதீர்கள். மருந்தேற்றிய பின் வரும் நாட்களில் காய்ச்சல் கண்டால், கஷாயம் குடித்து விடியும்வரை காத்திராமல், இரவேயாயினும் மருத்துவமனைக்குப் புறப்பட்டுவிடுங்கள்.