கணிப்பொறியின் வாயிற்காவல்



வரலாறு என்றதும் அரசர்களும் போர்களும் நம் நினைவிற்கு வருதல் இயல்பு. ஆயினும் நாம் நாள்தோறும் கையாளும் சிறு பொருள்களுக்கும் வரலாறு உண்டு. வீட்டுக் கணிப்பொறியில் புதிய நிரல் ஒன்றை நிறுவும்போது சில வேளைகளில் திரையில் ஒரு கேள்வி தோன்றுகிறது. 'இந்நிரல் இணையத்தோடு தொடர்பு கொள்ள இசைகின்றீர்களா?' என்பது அதன் கருத்து. நம்மில் பெரும்பாலோர் அதனை முற்றும் படியாமலே 'ஆம்' என்று அழுத்திவிட்டு வேலையைத் தொடர்கிறோம். அந்தக் கேள்வி நம் வீட்டிற்கு வந்து சேர்வதற்கு பல ஆண்டுகள் சென்றன. அதற்குப் பின்னே பல்லாயிரம் கணிப்பொறிகள் பட்ட துன்பமும், பல அறிஞர்களின் உழைப்பும் இருக்கின்றன. அவ்வரலாற்றையே இன்று உங்களுக்குக் கூற விழைகிறேன்.

முதலில் அடிப்படையைத் தெரிந்துகொள்வோம். இணையத்தில் செய்திகள் ஒரே நீரோட்டமாகச் செல்வதில்லை. அவை சிறு சிறு பொட்டலங்களாகப் பகுக்கப்பட்டுச் செல்கின்றன. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் அனுப்புவோர் முகவரியும் பெறுவோர் முகவரியும் உண்டு. இவற்றோடு ஓர் எண்ணும் உண்டு. அவ்வெண்ணைத் 'துறை' என்கிறோம். ஒரு பெரிய மாளிகைக்குப் பல வாயில்கள் இருத்தல் போலக் கணிப்பொறிக்கும் துறைகள் உண்டு. அவற்றின் எண்கள் 65,535 வரை செல்லும். மின்னஞ்சலுக்கு ஒரு துறை. இணையப் பக்கங்களுக்கு மற்றொரு துறை. எந்த வாயிலைத் திறப்பது, எதனை அடைப்பது, யாரை உள்ளே விடுவது, யாரை வெளியே அனுப்புவது என்று காக்கும் நிரலையே 'ஃபயர்வால்' என்று உலகோர் வழங்குகின்றனர். தமிழில் அதனைத் தீச்சுவர் எனலாம்.

இப்பெயர் கட்டடக் கலையிலிருந்து வந்தது. ஒரு வீட்டில் பற்றிய தீ அடுத்த வீட்டிற்குப் பரவாமல் இடையே எழுப்பும் கனத்த சுவரே தீச்சுவர். 1666-ஆம் ஆண்டு இலண்டன் மாநகரைப் பெருந்தீ அழித்தது. அதன் பின்னர், வீடுகளை மரத்தால் அன்றிச் செங்கல்லாலோ கருங்கல்லாலோ கட்டவேண்டும் என்று சட்டம் செய்தனர். தீயைக் கண்ட பின்னரே சுவரைப் பற்றி எண்ணுவது மனித இயல்பு போலும்! கணிப்பொறி உலகிலும் அவ்வாறே நிகழ்ந்தது.

இணையத்தின் முன்னோடியாகிய ஆர்ப்பாநெட் 1969-ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கியது. அதில் இணைந்திருந்தவை பல்கலைக்கழகங்களும் ஆராய்ச்சிக் கூடங்களுமே. ஒருவரை ஒருவர் அறிந்த சிற்றூரில் பகலில் கதவைத் தாழிடுவோர் உண்டோ? அவ்வாறே அவர்களும் வாயில்களைத் திறந்தே வைத்திருந்தனர்.

1988-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள் அந்நிலை மாறியது. கார்னெல் பல்கலைக்கழக மாணவர் இராபர்ட் மோரிஸ் என்பவர், தாமே பெருகி ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றிற்குப் பரவும் நிரல் ஒன்றை வெளியிட்டார். அத்தகைய நிரலைப் 'புழு' என்பர். அப்போது இணைந்திருந்த கணிப்பொறிகள் ஏறத்தாழ 60,000. அவற்றுள் 6,000 வரை செயலற்றுப் போயின என்று அந்நாளில் மதிப்பிட்டனர். மோரிஸ் நீதிமன்றத்தில் குற்றவாளி எனத் தீர்ப்புப் பெற்றார். இத்தகைய இடர்களை ஆராய்ந்து எச்சரிப்பதற்காகக் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அவ்வாண்டிலேயே ஒரு குழு அமைந்தது.

அதன் பின்னர் நிறுவனங்கள் தத்தம் எல்லையில் காவல் அமைக்கத் தொடங்கின. டிஜிட்டல் எக்விப்மெண்ட் என்னும் நிறுவனத்தாரும், பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த வில்லியம் செஸ்விக், ஸ்டீவன் பெல்லோவின் ஆகியோரும் இத்துறையில் முன்னோடிகளாக விளங்கினர். செஸ்விக்கும் பெல்லோவினும் 1994-ஆம் ஆண்டு தீச்சுவர்களைப் பற்றி எழுதிய நூல் பலருக்கு வழிகாட்டியாயிற்று. இந்தக் காவல், நிறுவனத்தின் தலைவாயிலில் மட்டும் நின்றது. பலாப்பழத்தின் மேற்புறம் முள்ளாக இருப்பினும் உள்ளே சுளைகள் மென்மையாக இருப்பது போல, வெளியே கடினமான காவலும் உள்ளே ஒருவரை ஒருவர் முழுதும் நம்பும் நிலையும் அமைந்திருந்தன.

இவ்வளவும் பெரிய நிறுவனங்களின் கதை. வீடுகளின் நிலை என்ன? 1990-க்குப் பின் இணையம் பொதுமக்களிடம் வந்தது. நம் நாட்டில் 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் பொதுமக்களுக்கு இணைய இணைப்பை வழங்கத் தொடங்கியது. முதலில் அதனைப் பெற்ற பெருநகரங்களுள் சென்னையும் ஒன்று. வீட்டுக் கணிப்பொறிகள் பெரும்பாலும் விண்டோஸ் என்னும் இயக்க முறைமையில் ஓடின. அலுவலகத்தில் அடுத்த மேசைக்காரரோடு கோப்புகளைப் பகிர்வதற்கென அமைந்த வசதி அதில் இருந்தது. அதே வசதி பல வீடுகளில், உரிமையாளர் அறியாமலே, இணையத்தின் பக்கமும் திறந்து கிடந்தது. தலைவாயிலில் காவல் நிறுத்த வீட்டுக்காரரிடம் பொறியாளர் எவரும் இல்லை.

இந்நிலையில் வேறொரு தீங்கும் தலைகாட்டியது. அது வெளியிலிருந்து கதவை உடைக்கவில்லை. வீட்டுக்காரரே விரும்பி அழைத்துவந்த விருந்தாளியோடு உள்ளே நுழைந்தது. இலவசமாகக் கிடைத்த நிரல்கள் சிலவற்றுள் விளம்பரப் பகுதிகள் மறைந்திருந்தன. உரிமையாளர் அறியாமலே அவை வெளியே செய்தி அனுப்பின. அமெரிக்க நிரலாளர் ஸ்டீவ் கிப்சன் 2000-ஆம் ஆண்டில் தம் கணிப்பொறியிலேயே அத்தகைய ஒன்றைக் கண்டு, அதனை நீக்குதற்கு ஒரு நிரலை எழுதினார். இத்தகையவற்றை 'ஒற்று நிரல்' என்று வழங்கத் தலைப்பட்டனர்.

இங்கேதான் வரலாற்றின் திருப்பம் இருக்கிறது. அதுவரை காவலர்கள் உள்ளே வருவோரையே நோக்கி நின்றனர். வெளியே செல்வோரைக் கேட்பார் இல்லை. பொட்டலத்தின் முகவரியையும் துறை எண்ணையும் மட்டும் பார்க்கும் காவலனால் ஒற்றனைக் கண்டுபிடிக்க இயலாது. ஒற்றனும் எல்லாரும் செல்லும் வாயில் வழியாகவே செல்கிறான் அன்றோ? ஆகவே, 'எந்த வாயில்?' என்ற கேள்வியோடு, 'செல்பவன் யார்?' என்ற கேள்வியும் தேவைப்பட்டது. தலைவாயிலில் நிற்கும் காவலனுக்கு அது தெரியாது. கணிப்பொறியின் உள்ளேயே இருந்து, எந்த நிரல் எந்தச் செய்தியை அனுப்புகிறது என்று காணும் காவலனுக்கே அது தெரியும்.

அத்தகைய காவலன் ஒருவன் 2000-ஆம் ஆண்டளவில் வந்தான். ஜோன் லேப்ஸ் என்னும் நிறுவனம் 'ஜோன்அலாரம்' என்ற நிரலை வீட்டுப் பயனுக்கு இலவசமாக வழங்கியது. ஏதேனும் ஒரு நிரல் முதன்முறையாக இணையத்தை நாடினால், ஜோன்அலாரம் அதனை நிறுத்தி, பெயரைச் சொல்லி, உரிமையாளரின் இசைவைக் கேட்டது. நான் தொடக்கத்தில் குறிப்பிட்ட கேள்வி இவ்வாறே வீடுகளில் புகுந்தது. ஆப்பிள் கணிப்பொறிகளுக்கு வியன்னா நகர நிறுவனம் ஒன்று 'லிட்டில் ஸ்னிட்ச்' என்ற நிரலைச் செய்தது. கோள் சொல்லும் சிறுவன் என்பது அப்பெயரின் பொருள். தன் தோழர்கள் வெளியே செல்வதை ஓடிவந்து சொல்லும் வேலைக்கு ஏற்ற பெயர்தான்!

பெயரைக் கேட்டால் போதுமா? கள்வன் பொய்ப்பெயர் சொன்னால் என் செய்வது? இதனைச் சோதிக்கவும் கிப்சன் 2000-ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு சிறு நிரலை வெளியிட்டார். அதற்கு நம்பகமான வேறு நிரலின் பெயரைச் சூட்டி அனுப்பினால், அந்நாளைய காவல் நிரல்கள் பல ஏமாந்து வழிவிட்டன. பெயரோடு நிரலின் உள்ளமைப்பையும் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் ஆள்மாறாட்டம் வெளிப்படும் என்பதை இச்சோதனை உணர்த்தியது.

எனினும், தேடிச் சென்று காவலனை அமர்த்திக்கொண்டோர் சிலரே. பலர் வீட்டில் காவலன் உறங்கிக் கிடந்தான். 2001-ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியில் ஒரு தீச்சுவர் இருக்கவே செய்தது. ஆனால் அது பொதுவாக இயங்கா நிலையில் வைக்கப்பட்டிருந்தது. 2003-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் நாள் 'பிளாஸ்டர்' என்னும் புழு புறப்பட்டது. அது 135 என்ற எண்ணுள்ள துறை வழியே நுழைந்தது. பலருடைய கணிப்பொறிகள், 'அறுபது நொடிகளில் அணைந்துவிடும்' என்று அறிவித்து, மீண்டும் மீண்டும் நின்று எழுந்தன. அப்புழு புகுந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஜூலை 16-ஆம் நாளே, அதாவது இருபத்தாறு நாள்களுக்கு முன்னரே, வெளியிட்டிருந்தது. உறங்கிய தீச்சுவரை எழுப்பியிருந்தாலும் புழு நுழைந்திராது. மருந்தும் இருந்தது, மதிலும் இருந்தது, இரண்டையும் பயன்படுத்துவார் இல்லை.

அதன் பயனாக, 2004-ஆம் ஆண்டு ஆகஸ்டில் எக்ஸ்பிக்கு வந்த இரண்டாம் பெருந்திருத்தத்தில் தீச்சுவர் தானாகவே இயங்குமாறு அமைக்கப்பட்டது. இம்மாற்றம் மிகப் பெரியது என்பது என் கருத்து. பூட்டு ஒன்றே, முன்பு திறந்து கிடந்தது, இப்போது பூட்டியே வருகிறது. கோடிக்கணக்கானோர் எதுவும் கற்காமலே காவல் பெற்றனர்.

ஆயின் அக்காவலன் உள்ளே வருவோரை மட்டுமே தடுத்தான். 2007-ஆம் ஆண்டு மக்களுக்கு விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில் வெளியே செல்வோரைத் தடுக்கும் ஆற்றலும் சேர்ந்தது. எனினும் பொதுவாக வெளிச்செல்லும் வழி திறந்தே வைக்கப்பட்டது. இன்றும் அதுவே வழக்கம். கைப்பேசியிலும் இதைக் காணலாம். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ஒரு செயலி ஒளிப்படக் கருவியைப் பயன்படுத்த நம் இசைவைக் கேட்கிறது. இணையத்தைப் பயன்படுத்தக் கேட்பதில்லை.

ஏன் இவ்வாறு விட்டனர்? இதற்கு வல்லுநர் சிலர் கூறும் காரணம் எண்ணத்தக்கது. தீய நிரல் ஒருமுறை உள்ளே புகுந்து உரிமையாளரின் அதிகாரத்தோடு இயங்கத் தொடங்கினால், காவலனையே அது அகற்றிவிடலாம். அல்லது இசைவு பெற்ற வேறு நிரலின் வழியாகத் தன் செய்தியை அனுப்பிவிடலாம். காவலனும் குறையற்றவன் அல்லன். 2004-ஆம் ஆண்டு மார்ச்சில் 'விட்டி' என்னும் புழு, பிளாக்ஐஸ் முதலிய காவல் நிரல்களில் இருந்த ஒரு குறையின் வழியாகவே நுழைந்து, ஏறத்தாழ 12,000 கணிப்பொறிகளைத் தாக்கி, அவற்றின் வட்டுகளில் இருந்த செய்திகளைச் சிதைத்தது. வேலியே பயிர் மேய வழியாயிற்று.

இன்னொரு காரணமும் உண்டு. அதனை ஓர் ஆசிரியன் என்ற முறையில் நான் நன்கு உணர்வேன். ஆசிரியப் பயிற்சி பெற்ற நாளில் எங்களுக்குக் கற்பித்த விதிகளுள் ஒன்று, வகுப்பைப் பார்த்து 'புரிந்ததா?' என்று கேட்காதே என்பது. நாற்பது மாணவரும் ஒரே குரலில் 'புரிந்தது, ஐயா' என்பர். எவருக்குப் புரிந்தது என்பது ஆசிரியருக்குத் தெரியாது. ஆம், இல்லை என்ற விடை மட்டும் வேண்டும் கேள்வியைப் பலமுறை கேட்டால், அது கேள்வியாக நில்லாது, சடங்காகிவிடும். காவல் நிரல்களும் இப்பிழையையே செய்தன. பொருள் விளங்காத பெயர்களைச் சொல்லி நாள் முழுதும் இசைவு கேட்டன. சலிப்புற்ற உரிமையாளர் எல்லாவற்றிற்கும் 'ஆம்' என்றார். கேட்காமல் விட்டதற்கும் கேட்டு 'ஆம்' என்றதற்கும் வேறுபாடு இல்லாமற் போயிற்று.

ஆதலால் அக்கேள்வி வீண் என்று கொள்ளலாமா? கூடாது. வாயிற்காவலை வல்லுநர்கள் செய்து தரலாம், பூட்டியே விற்கலாம். ஆனால் நம் வீட்டிலிருந்து எது வெளியே செல்லவேண்டும் என்பதை வீட்டுக்குரியவரே முடிவு செய்தல் வேண்டும். அம்முடிவை நாம் எண்ணிச் செய்யாவிடின், நம்மைக் கேளாமலே வேறு யாரோ செய்துவிடுவர்.

அடுத்த முறை அக்கேள்வி தோன்றும்போது, மாணவர்களே, சற்று நின்று எண்ணுங்கள். இந்நிரலை நான் அறிவேனா? இது செய்யும் வேலைக்கு இணையம் தேவையா? மின்னஞ்சல் நிரலுக்குத் தேவை. கூட்டிக் கழிக்கும் கணக்கு நிரலுக்கு எதற்கு? ஐயம் இருப்பின் முதலில் மறுத்துவிடுங்கள். வேலை தடைப்பட்டால் பின்னர் இசைவு தரலாம். மறுப்பை நாளை மாற்ற முடியும். வெளியே சென்றுவிட்ட செய்தியை மீட்க முடியாது. ஆனால் இயக்க முறைமையின் திருத்தங்களை மட்டும் தடுக்காதீர்கள். பிளாஸ்டர் பரவிய நாளில் மருந்தைக் கையில் வைத்துக்கொண்டே நோயுற்றவர்களை மறந்துவிடலாகாது.

பூட்டின் உறுதியை ஆக்குவோர் பொறியாளர். சாவி நம் கையில் இருக்கிறது. அதனை அறிந்து கையாளும் பழக்கத்தை இளமையிலேயே பெறுவீர்களாக.