குதிரை வால், பட்டுப்புழு, நைலான்!

மீன் பிடிக்கக் கிளம்புகிறீர்களா? நேராக ஆற்றங்கரைக்குப் போகாதீர்கள். முதலில் ஒரு குதிரை லாயத்துக்குப் போங்கள். ஆண் குதிரையாகப் பார்த்து (உதை வாங்காமல்!) வாலிலிருந்து நாலு முடி பிடுங்கிக்கொள்ளுங்கள். பெண் குதிரை வேண்டாம். அதன் வால்முடி சிறுநீரில் நனைந்து நனைந்து பலம் இழந்துபோயிருக்கும்!

இது என் சொந்த யோசனை இல்லை. சுமார் 1,900 வருடங்களுக்கு முன்னால் புளூட்டார்க் என்ற கிரேக்க அறிஞர் எழுதிவைத்த விஷயம். ‘நிலத்தில் வாழும் விலங்குகள் புத்திசாலியா, நீரில் வாழ்பவை புத்திசாலியா?’ என்று ஒரு பட்டிமன்றமே நடத்தியிருக்கிறார் மனிதர். அதில் மீன் கட்சிக்காரர் வைக்கும் வாதம் சுவாரஸ்யமானது. மீன் சந்தேகப் பிராணி. அதை ஏமாற்ற வேண்டுமானால் தூண்டில் நூல் தடியாக இருக்கக் கூடாது, நிறைய முடிச்சு இருக்கக் கூடாது, முக்கியமாக முள்ளுக்குப் பக்கத்தில் வரும் முடி முடிந்தவரை வெள்ளையாக இருக்க வேண்டும். அப்போதுதான் தண்ணீரின் நிறத்தோடு கலந்து மீனின் கண்ணில் படாமல் இருக்கும்.

இன்றைக்குத் தூண்டில் கடைகளில் ‘லீடர்’ என்று கேட்டால் ஒரு சின்னச் சுருளை எடுத்துக் கொடுப்பார்கள். புளூட்டார்க் சொன்னது அதைத்தான்! தூண்டிலில் ரீலிலிருந்து வரும் நீளமான நூல் ஒன்று. அதன் நுனியில், முள்ளுக்கு முன்னால் சில அடி நீளத்துக்குத் தனியாகக் கட்டும் துண்டு நூல் இன்னொன்று. இந்தத் துண்டுதான் லீடர். மீனின் மூக்குக்கு நேரே வந்து நிற்கப்போவது இதுதான். அதனால் கண்ணுக்குத் தெரியக் கூடாது, அதே சமயம் அறுந்துவிடவும் கூடாது. மெல்லிசாக்கினால் அறுந்துபோகும், தடியாக்கினால் மீன் ஓடிவிடும். இந்தத் தகராறைத் தீர்க்க மனிதன் பட்ட பாடுதான் தூண்டில் நூலின் சரித்திரம்!

1496-ல் இங்கிலாந்தில் தூண்டில் கலை பற்றி ஒரு சின்ன நூல் அச்சானது. எழுதியவர் ஜூலியானா பெர்னர்ஸ் என்ற கன்னிகாஸ்திரீ என்பது பரம்பரையாக வரும் பேச்சு. ஆதாரம் கேட்டால் அறிஞர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். எழுதியது யாராக இருந்தாலும், கில்லாடி! எந்த மீனுக்கு எத்தனை முடி என்று பட்டியலே போட்டிருக்கிறார். பொடி மீனுக்கு ஒற்றை முடி. பெர்ச் மீனுக்கு நாலு. ட்ரவுட்டுக்கு ஒன்பது, பெரிய ட்ரவுட் என்றால் பன்னிரண்டு. சால்மனுக்குப் பதினைந்து. பைக் என்று ஒரு மீன் (மோட்டார் பைக் இல்லை!)... அதற்கு வாயெல்லாம் பல். முடியை நறுக்கென்று கடித்துத் துண்டாக்கிவிடும். எனவே அதற்கு மட்டும் முள்ளுக்குப் பக்கத்தில் உலோகக் கம்பி!

அதோடு விட்டாரா? வெள்ளைக் குதிரையின் முடியை எடுத்து எப்படிச் சாயம் போடுவது என்றும் சொல்லித்தருகிறார். ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை தெளிந்த தண்ணீரில் பச்சை, இலையுதிர் காலத்தில் மஞ்சள், கறுத்துத் தேங்கிய தண்ணீருக்குப் பழுப்பு. ஆக, ‘எந்த மீன், எந்தத் தண்ணீர், எந்த முறை என்று பார்த்து நூலைத் தேர்ந்தெடு’ என்கிற பாடம் 500 வருடப் பழசு.

குதிரைமுடியில் ஒரு தொல்லை. குதிரை வாலின் நீளம்தான் முடியின் நீளம்! அதனால் முடிகளைச் சேர்த்துத் திரித்து, துண்டு துண்டாக முடிச்சுப் போட வேண்டும். கழியின் பக்கம் நிறைய முடி, முள்ளை நெருங்க நெருங்கக் குறைச்சல். 1676-ல் சார்லஸ் காட்டன் என்ற கவிஞர் முள்ளுக்குப் பக்கத்தில் இரண்டே இரண்டு முடி போதும் என்று எழுதினார். செடிகொடி இல்லாத ஆற்றில், இரண்டு முடியை வைத்துக்கொண்டு இருபது அங்குல ட்ரவுட்டைப் பிடிக்கத் தெரியாதவன் தூண்டில்காரன் என்று சொல்லிக்கொள்ளவே லாயக்கில்லாதவனாம்!

இந்தக் குதிரைமுடி சாம்ராஜ்யத்தைக் கவிழ்த்தது ஒரு புழு.

பட்டுப்புழு கூடு கட்டப்போகும் தறுவாயில் அதன் வயிற்றுக்குள் இரண்டு சுரப்பிகள் நிறையப் பட்டுத் திரவம் இருக்கும். புழுவை விட்டுவைத்தால் அந்தத் திரவத்தைத் துளித்துளியாக வெளியே விட்டு, முடியைவிட மெல்லிய இழையாக நூற்றுக் கூடு கட்டிக்கொள்ளும். விட்டுவைக்கவில்லை! அந்த நேரம் பார்த்துப் புழுவை வினிகரில் ஊறப்போட்டு, வயிற்றைப் பிரித்துச் சுரப்பியை வெளியே எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுப்பு. அது இறுகி, கண்ணாடி போலப் பளபளக்கும் உறுதியான நரம்பாகிவிடும். நீளம் ஒன்று, ஒன்றரை அடி. ஒரு புழுவுக்கு இரண்டே இரண்டு நரம்பு!

ஸ்பெயின் நாட்டின் முர்ஸியா பகுதிதான் இந்தத் தொழிலின் தலைநகரம். 18-ம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேயத் தூண்டில்காரர்கள் புழு நரம்புக்கு மயங்கிவிட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க அதன் ராஜ்யம்தான். தண்ணீருக்குள் போனால் அவ்வளவாகத் தெரியாது, பலமும் அதிகம். ஆனால் காய்ந்தால் முறுக்கு மாதிரி ஒடியும். எனவே மீன் பிடிக்கப் போகும்முன் நனைத்து மெதுவாக்க வேண்டும். ஈரக் கம்பளித் துண்டுகளுக்கு நடுவே நரம்பை வைத்துக்கொள்ளத் தகர டப்பாக்களே விற்றார்கள்.

இன்னும் மெல்லிசாக வேண்டுமா? ஒரு தகட்டில் போட்ட பொடித் துளை வழியே நரம்பை இழுத்துச் சீவினார்கள். சீவி இளைக்க வைத்த நரம்புக்கு 1எக்ஸ், 2எக்ஸ், 3எக்ஸ் என்று வரிசையாகப் பெயர் வைத்தார்கள். எக்ஸ் கூடக் கூட நரம்பு மெலியும். ஆச்சரியம் என்னவென்றால், புழு நரம்பு மறைந்துபோய்ப் பல பத்தாண்டுகள் ஆன பிறகும், பிளாஸ்டிக் லீடர் சுருள்களில் இந்த எக்ஸ் இன்றும் அச்சாகிறது! கணக்கு சுலபம். 11-லிருந்து எக்ஸ் எண்ணைக் கழியுங்கள். 4எக்ஸ் என்றால் மிச்சம் 7. அதாவது, ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஏழு பங்கு தடிமன்.

மீன் பிடிக்கும் முறை மாறினால் நூலும் மாறும். இறகால் செய்த பொய்ப் பூச்சியை ட்ரவுட்டின் தலைக்கு மேல் வீசுகிறவருக்கு, பூச்சிக்கு எடையே கிடையாது என்பதால், நூல்தான் எடை! கனமான பட்டு நூல் காற்றில் பறந்து பூச்சியைச் சுமந்து போகும். நுனியில் போகப்போக மெலியும் லீடர் இருந்தால்தான் பூச்சி சத்தமில்லாமல் தண்ணீரில் உட்காரும். கடலில் சூரை மீனோடு மல்லுக்கட்டுகிறவருக்கு இந்த நாசூக்கெல்லாம் உதவாது. அங்கே நனைந்தால் இன்னும் உறுதியாகும் லினன் நூல், முள்ளுக்கு முன்னால் பியானோக் கம்பி! 1905-ல் ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த் என்ற ஆங்கிலேய மில் முதலாளி, நூற்பாலையில் அசையாத கண்டிலிருந்து நூல் சரசரவென்று உருவி வருவதைப் போலவே வேலை செய்யும் ரீலுக்குக் காப்புரிமை வாங்கினார். எடை குறைந்த இரையைக்கூட வெகுதூரம் வீசலாம். ஆனால் அதற்கு மெல்லிய, வழுக்கும், முடிச்சே இல்லாத நீள நூல் வேண்டும். குதிரையாலும் முடியாது, புழுவாலும் முடியாது.

முடிந்தது ஒரு வேதியியல் விஞ்ஞானியால். அமெரிக்காவில் டூபாண்ட் கம்பெனியின் வாலஸ் கராத்தர்ஸ் குழு 1935 பிப்ரவரியில் நைலானைக் கண்டுபிடித்தது. கராத்தர்ஸ் தீராத மனச்சோர்வில் தவித்தவர். 1937 ஏப்ரலில், 41-வது பிறந்தநாள் முடிந்த இரண்டாவது நாள், சயனைடு குடித்து இறந்துபோனார். நைலான் என்ற பெயரைக்கூட அவர் கேட்கவில்லை. 1938 அக்டோபரில்தான் கம்பெனி அதை உலகத்துக்கு அறிவித்தது. முதலில் டூத் பிரஷ் முட்கள், அடுத்து தூண்டில் நரம்பு, 1940-ல் பெண்களின் காலுறை.

உடனே யுத்தம். நைலானெல்லாம் பாராசூட்டுக்கும் கயிற்றுக்கும் போய்விட்டது. யுத்தம் முடிந்ததும் நரம்பு மறுபடி கடைக்கு வந்தது. எத்தனை நூறு அடி வேண்டுமானாலும் முடிச்சில்லாமல் கிடைக்கும். நனைக்கத் தேவையில்லை, காயவைக்கத் தேவையில்லை. இல்லிங்வொர்த்தின் ரீல் காத்திருந்தது இதற்காகத்தான். முர்ஸியாவில் தலைமுறை தலைமுறையாகப் புழுவை இழுத்துப் பிழைத்த கைகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று.

அடுத்த தாவல் ஜப்பானில். 1971-ல் குரேஹா கம்பெனி ஃப்ளூரோகார்பன் லீடரைக் கொண்டுவந்தது. ஒளி ஒரு பொருளுக்குள் நுழையும்போது எவ்வளவு வளைகிறது என்பதற்கு ஓர் எண் உண்டு. தண்ணீருக்கு 1.33, நைலானுக்கு ஏறக்குறைய 1.53, ஃப்ளூரோகார்பனுக்கு 1.42. தண்ணீரின் எண்ணுக்கு எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறதோ, அவ்வளவுக்கு நரம்பு தண்ணீரில் கரைந்தது போல மறையும். புளூட்டார்க் வெள்ளை முடியில் தேடியது இதைத்தான்!

1990-களில் பாலிஎத்திலீன் இழைகளைப் பின்னிய நூல் வந்தது. அதே தடிமனில் நைலானைவிடப் பலமடங்கு பலம். இழுத்தால் நீளாது, மீன் லேசாகத் தொட்டால்கூடக் கைக்குத் தெரியும். ஆனால் ஒளி ஊடுருவாது, மீனுக்கு நன்றாகத் தெரியும். என்ன செய்வது? நுனியில் சில அடிக்கு ஃப்ளூரோகார்பன் லீடரைக் கட்டு! பல்லுள்ள மீன் என்றால் கம்பியைக் கட்டு! சுற்றிச் சுற்றி 1496-க்கே வந்துவிட்டோம்.

ஆனால் ஒன்று மட்டும் திரும்பி வரவில்லை.

குதிரைமுடி அறுந்து ஆற்றில் போனால் மக்கிவிடும். புழு நரம்பும் பட்டு நூலும் அப்படித்தான். ஒவ்வொரு நாள் மாலையும் பட்டு நூலைப் பிரித்துக் காயவைத்த தூண்டில்காரர், அழுகிப்போகிறதே என்று சலித்துக்கொண்டிருப்பார். அந்தக் குறைதான் ஆற்றையும் கடலையும் காப்பாற்றிக்கொண்டிருந்தது என்பது யாருக்குத் தெரியும்? அமெரிக்கக் கடல் ஆய்வுத் துறையின் மதிப்பீட்டில், ஒரு நைலான் நரம்பு கடலில் சிதைய 600 வருடம் ஆகலாம். அதுவரை அது சும்மா இருக்காது. மீனுக்குத் தெரியாத நரம்பு பறவைக்கும் தெரியாது, ஆமைக்கும் தெரியாது. காலில் சுற்றும், கழுத்தில் இறுகும். மனிதன் வாங்கிய வரம், அவன் கைவிட்டுப் போன பிறகும் வேட்டையாடிக்கொண்டே இருக்கிறது.

இதே ஒற்றை இழை நரம்பில் பின்னிய வலைக்குத் தமிழ்க் கடற்கரைகளில் தங்கூசி வலை என்று பெயர். இலங்கை அரசு 2006-ல் அதற்குத் தடை போட்டது. அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் 2001-ல் வேறொரு வழி கண்டுபிடித்தார்கள். மீன்பிடிப் பாலங்களிலும் படகுத் துறைகளிலும் வளைந்த பிளாஸ்டிக் குழாய்களை நட்டு வைத்தார்கள். பழைய நரம்பை அதில் போட்டுவிட்டுப் போகலாம். சேர்ந்த நரம்பு மறுசுழற்சிக்குப் போகும்.

எத்தனை முடி, என்ன நிறம், எத்தனை எக்ஸ், கம்பியா நரம்பா... தூண்டில்காரர்கள் இரண்டாயிரம் வருடமாக நூலைப் பார்த்துக் கேட்ட கேள்விகள் இவை. அறுந்தால் இது எங்கே போகும் என்று கேட்க வேண்டிய அவசியமே அவர்களுக்கு வரவில்லை. நமக்கு வந்துவிட்டது. அடுத்த முறை கடற்கரை மணலில் நரம்புச் சிக்கல் ஒன்று காலில் தட்டுப்பட்டால், தாண்டிப் போகாதீர்கள். சுருட்டி எடுத்து, துண்டு துண்டாக நறுக்கிக் குப்பைத் தொட்டியில் போடுங்கள். ஒரு நிமிட வேலை. அந்தச் சிக்கலுக்கு இன்னும் 600 வருட ஆயுள் பாக்கி!