மலைப்பகுதிப் பறப்பு

மலைப்பகுதிப் பறப்பு என்பது மலைத்தொடர்கள், கணவாய்கள், பள்ளத்தாக்குகள் ஆகியவற்றின் மேலாகவும் ஊடாகவும் வானூர்திகளைச் செலுத்துவதைக் குறிக்கும். காற்றின் அடர்த்தி, காற்றோட்டம், பார்வைத் தெளிவு ஆகிய மூன்றும் மலைகளில் வேறுபடுவதால், சமவெளியில் பயிற்சி பெற்ற விமானிக்கும் இதற்கெனத் தனி அறிவும் பயிற்சியும் தேவைப்படுகின்றன. விமானிகளுக்கான கையேடுகள் இத்துறையில் வலியுறுத்தும் அடிப்படை விதி, திரும்புவதற்கான இடமும் உயரமும் எஞ்சியிருக்கும்போதே திரும்பும் முடிவை எடுக்க வேண்டும் என்பதாகும்.

அடர்த்தி உயரம்

உயரம் கூடும்போது காற்றின் அடர்த்தி குறைகிறது. வெப்பம் கூடினாலும் அவ்வாறே. அடர்த்தி குறைந்த காற்றில் இறக்கைகளின் தூக்குவிசையும் இயந்திரத்தின் திறனும் குறைகின்றன. ஓரிடத்துக் காற்றின் அடர்த்தி, சீர் வளிமண்டலத்தில் எந்த உயரத்தில் காணப்படுமோ அவ்வுயரம் அடர்த்தி உயரம் எனப்படும்.

சென்னை வானூர்தி நிலையம் கடல்மட்டத்திலிருந்து 16 மீட்டர் உயரத்தில் உள்ளது. லடாக்கின் லே வானூர்தி நிலையம் 3,256 மீட்டர் உயரத்தில் உள்ளது. சீர் வளிமண்டலக் கணக்கின்படி லேயின் உயரத்தில் வெப்பநிலை சுமார் -6 பாகை செல்சியசு ஆகும். கோடைப் பகலில் அது 25 பாகையை எட்டினால், அங்கு அடர்த்தி உயரம் ஏறத்தாழ 4,400 மீட்டராகிறது. அப்போது வானூர்தி மேலெழ நீண்ட ஓட்டம் தேவைப்படும். சுமையையும் குறைக்க நேரிடும். வெப்பமும் பிற்பகலின் பலத்த காற்றும் காரணமாக, லேக்கான பயணிகள் சேவைகள் பெரும்பாலும் முற்பகலிலேயே இயக்கப்படுகின்றன.

காற்றோட்டமும் முகடு கடத்தலும்

மலையில் காற்று மோதும் பக்கத்தில் மேலெழு காற்றும், மறுபக்கத்தில் கீழிறங்கு காற்றும் உருவாகின்றன. கீழிறங்கு காற்றின் வேகம் சிறிய வானூர்தியின் ஏறும் திறனை விஞ்சக்கூடும். பலத்த காற்று முகட்டைக் கடக்கும்போது மலையலைகளும், அவற்றின் கீழே கொந்தளிப்பும் தோன்றுகின்றன. வில்லை வடிவ மேகங்கள் மலையலைகளின் அடையாளமாகும். எனினும் வறண்ட காற்றில் மேகம் தோன்றாமலும் இருக்கலாம்.

சிறிய வானூர்திகள் முகட்டுக்கு மேல் குறைந்தது 300 மீட்டர் இடைவெளியுடனும், பலத்த காற்று வீசினால் 600 மீட்டர் இடைவெளியுடனும் கடக்க வேண்டும் எனப் பொதுவாக அறிவுறுத்தப்படுகிறது. முகட்டை நேராக அணுகாமல் 45 பாகைக் கோணத்தில் அணுகுதல் வேண்டும். நேராக அணுகியவர் வந்த வழியே மீள 180 பாகை திரும்ப வேண்டும். சாய்வாக அணுகியவரோ 90 பாகை திரும்பினாலே மலையை விட்டு விலகும் திசையை அடைவார்.

பள்ளத்தாக்கில் திரும்புதல்

வானூர்தி திரும்புவதற்கான வட்டத்தின் அளவு வேகத்தின் வர்க்கத்திற்கு நேர்விகிதத்தில் கூடுகிறது. கடல்மட்டத்தில் மணிக்கு 185 கிலோமீட்டர் வேகத்தில், 30 பாகை சாய்வுடன் திரும்பும் வானூர்திக்குச் சுமார் 930 மீட்டர் அகலம் தேவை. 3,000 மீட்டர் உயரத்தில் வேகமானி அதே அளவைக் காட்டினாலும் உண்மை வேகம் கூடுதலாக இருப்பதால், தேவைப்படும் அகலம் சுமார் 1,260 மீட்டராகிறது.

எனவே பள்ளத்தாக்கின் நடுவில் பறக்காமல் ஒரு பக்கமாகப் பறப்பது நல்லது. முழு அகலமும் திரும்புவதற்குக் கிடைக்கும். நடுவில் பறப்பவருக்கு எப்பக்கம் திரும்பினாலும் பாதி அகலமே எஞ்சும். மேல்நோக்கிச் சென்று குறுகும் பள்ளத்தாக்கில் கீழிருந்து நுழைவது மிகவும் ஆபத்தானது. தரை உயரும் வேகத்திற்கு வானூர்தியால் ஏற இயலாமற் போகலாம்.

மேகமும் விபத்துகளும்

இயந்திரக் கோளாறின்றி, விமானியின் கட்டுப்பாட்டில் இருக்கும்போதே வானூர்தி தரையிலோ மலையிலோ மோதுவது மலைப்பகுதி விபத்துகளில் முக்கியமான வகையாகும். 1974 டிசம்பர் 4 அன்று இந்தோனேசியாவின் சுராபாயாவிலிருந்து ஹஜ் பயணிகளுடன் கொழும்பு நோக்கி வந்த மார்ட்டின்ஏர் வானூர்தி, இரவில் இலங்கை மலையகத்தின் ஏழு கன்னியர் மலையில் மோதியது. அதில் இருந்த 191 பேரும் இறந்தனர்.

2021 டிசம்பர் 8 அன்று இந்திய முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேருடன் சூலூரிலிருந்து வெலிங்டனுக்குப் புறப்பட்ட எம்ஐ-17வி5 உலங்கு வானூர்தி, குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் வீழ்ந்தது. அது முற்பகல் 11:48க்குப் புறப்பட்டது. 12:15க்குத் தரையிறங்க வேண்டியிருந்தது. 12:08 அளவில் தொடர்பு அற்றது. 13 பேர் அன்றே இறந்தனர். படுகாயமுற்ற குரூப் கேப்டன் வருண் சிங் டிசம்பர் 15 அன்று இறந்தார். பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராது மாறியதால் வானூர்தி மேகத்தினுள் புகுந்து, விமானி திசையுணர்வு குழம்பியதே காரணம் என முப்படை விசாரணையின் முதற்கட்ட முடிவு 2022 சனவரியில் தெரிவித்தது. 2024 டிசம்பரில் வெளியான நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கையில் இவ்விபத்தின் காரணம் விமானக் குழுவினரின் மனிதத் தவறு எனக் குறிக்கப்பட்டது.

வெளியே ஏதும் தெரியாதபோது உட்செவி தரும் உணர்வு தவறாகக்கூடும். அந்நிலையில் கருவிகளை மட்டுமே நம்ப வேண்டும். ஆனால் மலையிடுக்கில் அதற்கான நேரம் சில நொடிகளே. ஆகையால் மேகத்தினுள் புகுவதற்கு முன்பே திரும்புதல் பாதுகாப்பானது.

கையேடுகள்

இத்துறையின் அறியப்பட்ட நூல்களுள் அமெரிக்க விமானி ஸ்பார்க்கி ஐமசன் எழுதிய மவுன்டன் ஃபிளையிங் பைபிள் ஒன்றாகும். நெடுங்காலம் மலைப் பறப்பைக் கற்பித்த அவரும் 2009 இல் மொன்டானா மாநில மலைப்பகுதியில் நேர்ந்த வானூர்தி விபத்தில் இறந்தார். நூலறிவுடன், அம்மலைகளை நன்கறிந்த பயிற்றுநருடன் பறந்து பெறும் பயிற்சியும் இன்றியமையாதது.