மருதியும் கடலும்

மறைமலையடிகள் 1911இல் குடியேறி 1950இல் மறையும்வரை வாழ்ந்த இப் பல்லவபுரத்தில், பத்தாண்டுகளாகக் கூடிப் பாட்டும் ஆய்வும் வளர்த்துவரும் நம் வட்டத்தின் மலருக்கு, வகுப்பறையில் நான் செய்த ஒரு பிழையைப் பொருளாகக் கொண்டு எழுத முற்படுகிறேன்.

சிலப்பதிகார வஞ்சின மாலையைப் பாடம் நடத்துங்கால், ஆதிமந்தியின் கதையை ஆண்டுதோறும் ஒரே வகையாகக் குறிப்பெழுத வைத்தேன்: ‘கரிகாலன் மகள், வஞ்சிக்கோனாகிய கணவனைப் புனல் கொண்டது, புனலின் பின் சென்று அரற்றினாள், கடலே வந்து அவனை முன்னிறுத்திக் காட்டியது, தழுவி மீட்டு வந்தாள்.’ தேர்வுக்கு இது போதும். முன்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, “கடலுக்கு அவரை எப்படி அம்மா அடையாளம் தெரிந்தது?” என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். வீடு திரும்பிய பின்னர் அகநானூற்றை எடுத்து 222ஆம் பாட்டைப் பார்த்தபோது சிரிப்பு நீங்கியது. அதனை நான் முன்னரே படித்திருந்தேன் என்பதுதான் வெட்கம்.

அப் பாட்டைப் பாடியவர் பரணர். கழார்ப் பெருந்துறையில் புதுப்புனல் விழா நிகழ்கின்றது. முழவின் முகம் உலராத ஆரவாரம். ஆட்டனத்தி ஆடுகின்றான். அவன் அழகை விரும்பிக் கரிய கூந்தலையுடைய காவிரி அவனைக் கவர்ந்து செல்கின்றாள். ஆம், பரணர் காவிரியைக் காதல்கொண்ட ஒரு பெண்ணாகவே காண்கின்றார். ஆதிமந்தி அறிவு மயங்கித் திசையெல்லாம் தேடி அலமருகின்றாள். அப்பொழுது மருதி என்பாள் ஒருத்தி அவள் காதலனை அவளுக்குக் காட்டிவிட்டுத் தான் கடலுள் புகுந்துவிடுகின்றாள். இவ்வளவே செய்தி. மருதி யார் மகள், எவ்வூரினள், ஆதிமந்திக்கு அவள் என்ன உறவு என்பன பற்றி ஒரு சொல்லும் இல்லை. காட்டினாள், கடல் புக்காள் என்னும் இரு வினைகளே அவள் வரலாறு.

அத்தியின் கதையைப் பரணர் அகநானூற்றுள் பலகால் எடுத்தாள்கின்றார் (76, 135, 222, 236, 376, 396). வெள்ளிவீதியாரும் தம் துயருக்கு ஆதிமந்தியைத் துணைக்கு அழைக்கின்றார் (45). இவ்விடங்களை ஒருங்கு வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். ஆதிமந்தி வருமிடமெல்லாம் பேதுற்றவளாகவோ அழுது திரிபவளாகவோ வருகின்றாள். 76ஆம் பாட்டில் பரத்தை ஒருத்தி, ஆதிமந்தி கலங்கக் காவிரி செய்ததுபோல் நானும் தலைவனைக் கைப்பற்றுவேன் என்று சூளுரைக்கும் அளவுக்கு அத் துயர் நாடறிந்ததாய் இருந்திருக்கின்றது. ஆனால் புகழுக்கு உவமை வேண்டியபோது பரணர் ஆதிமந்தியை நாடவில்லை. இரவு மழை நனைத்த வழியில் நாமே செல்வோமா என்று துணியும் 222ஆம் பாட்டின் பெண், விழைவது மருதியின் புகழையே. பாடல் சான்ற சிறப்பினள் மருதி என்று அடைமொழியும் தருகின்றார் பரணர். அவளைப் பற்றிப் பாடல்கள் வழங்கின என்பதற்கு அச்சொல்லே சான்று. அப் பாடல்களுள் ஒன்றேனும் நம் கைக்கு வரவில்லை. நான் அறிந்த அளவில் சங்கத் தொகைகளுள் மருதி என்னும் பெயர் இப் பாட்டில் மட்டுமே உள்ளது.

இனி, இளங்கோவடிகள் செய்த மாற்றத்தை நோக்குவோம். பரணர் பாட்டிலும் சிலம்பிலும் ‘காட்டு’ என்னும் வினை அப்படியே நிற்கின்றது. எழுவாய்தான் மாறியிருக்கின்றது: மருதி நின்ற இடத்தில் கடல் நிற்கின்றது. பரணர் பாட்டில் அவளை ஏற்றுக்கொண்ட அதே கடல்! அடிகள் மருதியை அறியாதவர் என்று கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அவர் அவளை விட்டதற்கு வலுவான காரணம் உண்டு. கண்ணகி கோப்பெருந்தேவியின் முன் நின்று, புகார்ப் பத்தினிப் பெண்டிர் எழுவரை எடுத்துக்காட்டி வஞ்சினம் கூறும் இடம் அது. வன்னிமரமும் மடைப்பளியும் ஒருத்திக்குச் சான்றாகின்றன. மணற்பாவையை ஒருத்தி கணவனாகக் காக்கின்றாள். கணவன் கடல் கடந்து மீளும்வரை ஒருத்தி கல்லாய் நிற்கின்றாள். அவ் வரிசையில் உலகப் பொருள்கள் கற்புக்கு ஏவல் செய்தாக வேண்டும். ஓர் அயற்பெண் இரக்கத்தால் உதவினாள் என்றால் அவ் வஞ்சினத்தின் கட்டு தளர்ந்துவிடும். ஆகவே காப்பியத்தின் அறம் மருதியைக் கைவிட்டது. இதனை அடிகள்மீது குறையாகக் கூறுகின்றேன் அல்லேன். கதையின் தேவை அது. எனினும், ஆதிமந்தி கற்பினால் பெற்றதாகச் சிலம்பு கூறுவதை அகநானூறு கொடையாகக் கூறுகின்றது என்பதை நாம் மறத்தல் ஆகாது.

ஆதிமந்தி யார் என்பதும் தீர்ந்த வினா அன்று. குறுந்தொகை 31ஆம் பாட்டை ஆதிமந்தியார் பெயரால் தொகுத்துள்ளனர். அதில் பேசுபவள் தன்னை ஆடுகள மகள் என்றும், தன் காதலனையும் ஆடுகள மகன் என்றும் கூறிக்கொள்கின்றாள். கரிகாலன் மகள் என்பதை வெளிப்பட உரைப்பது சிலம்பே. கூத்தர் குடியிற் பிறந்த ஒருத்தியின் கதை பின்னர் அரண்மனைக்கு உயர்த்தப்பட்டது எனக் கருத இடமுண்டு. நான் அப் பக்கமே சாய்கின்றேன்.

அச்சு வரலாறும் மருதிக்குத் துணை செய்யவில்லை. உ.வே. சாமிநாதையர் பதிப்பால் சிலப்பதிகாரம் 1892இல் தமிழர் கைக்கு வந்தது. அகநானூறு அச்சேறியது இருபதாம் நூற்றாண்டில்தான். அதற்குள் கடல் தந்த கதை நெஞ்சில் ஊன்றிவிட்டது. பின்னர்ப் பாரதிதாசன் இதனைச் ‘சேரதாண்டவம்’ என நாடகமாக்கினார். கண்ணதாசன் ‘ஆட்டனத்தி ஆதிமந்தி’ எனக் காவியம் செய்தார். 1960இல் ‘மன்னாதி மன்னன்’ திரைக்கு வந்தது. தலைப்புகளில்கூட மருதிக்கு இடமில்லை என்பதைச் சற்றே குறும்புடன் சுட்டலாம்.

மருதியும் அத்தியைக் காதலித்தாள், அதனால்தான் உயிர்விட்டாள் என்று விளக்குவார் உளர். அவ் விளக்கத்தை என்னால் ஏற்க இயலவில்லை. முன்பின் அறியாத ஒருத்திக்கு உதவ வேறு ஏதேனும் ஒரு காரணம் இருந்தே ஆகவேண்டும் என்னும் நம் ஐயமே அவ் விளக்கத்தை வேண்டுகிறது. கழார், பரதவர் கோமான் மத்தியின் துறை என்று பரணரே வேறொரு பாட்டில் (226) கூறுகின்றார். நீரை அறிந்த மக்கள் வாழ்ந்த துறை. அங்கோ, அவன் ஒதுங்கிய கடல் ஓரத்திலோ, வெள்ளத்துக்கு அஞ்சாத ஒரு பெண் இருந்திருத்தல் இயல்பே. அதற்கு மேல் செல்லப் பாட்டு இடந்தரவில்லை.

இதனை வற்புறுத்துவதற்கு என் வாழ்வின் ஒரு நிகழ்ச்சியும் காரணம் என்பதை மறைக்க விரும்பவில்லை. முனைவர் பட்ட ஆய்வு செய்துவந்த நாட்களில், நான் விரும்பியவருக்கு வேறிடத்தில் மணம் முடிந்த அன்று, கடற்கரை நிலையத்தில் மின்தொடர் வண்டி ஏறியவள் பல்லாவரத்தில் இறங்க மறந்தேன். செங்கற்பட்டில் வண்டி நின்று, எல்லோரும் இறங்கிய பின்னும் அமர்ந்திருந்தேன். வெறும் பூக்கூடையுடன் இறங்கிய ஓர் அம்மையார் திரும்பி வந்து, “எந்த ஊரு கண்ணு?” என்றார். பயணச்சீட்டு அவரே வாங்கினார். பல்லாவரம்வரை அருகில் அமர்ந்து வந்தார்; ஒன்றும் கேட்கவில்லை. நான் மேம்பாலப் படியேறுவதைப் பார்த்து நின்றவர், எதிர்நடைமேடைக்குச் சென்று செங்கற்பட்டு வண்டியில் ஏறியபோதுதான், எனக்காகவே அவ்வளவு தொலைவு வந்தார் என்பது விளங்கியது. பெயர் கேட்கவும் தோன்றவில்லை. அவருக்கு என்னிடம் என்ன காரணம் இருந்திருக்கும்?

அடுத்த வகுப்பில் 222ஆம் பாட்டைக் கரும்பலகையில் முழுவதும் எழுதிப் பொருள் கூறினேன். ஆண்டுதோறும் நான் தந்த குறிப்பு அரைகுறை என்பதையும் சொன்னேன். கேள்வி கேட்ட மாணவி, “அப்படியானால் தேர்வில் எதை எழுதுவது?” என்றாள். இரண்டையும் எழுது என்றேன். அவள் கடல் என்றிருந்த சொல்லை அடிக்கவில்லை. அதன் மேலே, சிறிய எழுத்தில், மருதி என்று எழுதிக்கொண்டாள்.